வெள்ளியங்கிரிக்கு வெறுங்கையோடு போகலாமா?

பிப்ரவரி பிறந்தால் போதும், யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: கோயம்புத்தூர் பக்கம் ஏழு மலை ஏறிச் சிவனைக் கும்பிடுகிற வெள்ளியங்கிரிக்குப் பெரிய தயாரிப்பு எதுவும் இல்லாமல் போகலாமா, இல்லை அது வீண் வீம்பா? செருப்புகூட இல்லாமல், ஒரு துணிப்பையும் மூங்கில் தடியுமாக ஏழு மலையையும் ஏறி இறங்குகிறவர்கள் வருஷாவருஷம் இருக்கிறார்கள். அதனால் பை சிறிதாக இருப்பதைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன். என் பயமெல்லாம் உடம்பையும் நேரத்தையும் கணக்குப் போடாமல் கிளம்புகிறவர்களைப் பற்றித்தான்.

முதலில் உடம்பு. 2024 சீசனில் மலையேறும்போது பலர் இறந்தார்கள், பெரும்பாலும் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல். இதய நோய், ஆஸ்துமா, பிரஷர் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் போகாதீர்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டாரா, அடிவாரத்தில் பூண்டியிலேயே கோயில் இருக்கிறது, கும்பிட்டுவிட்டு வாருங்கள், ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார். மற்றவர்கள் ஒரு மாதம் முன்பே மருதமலைப் படிகளையோ ஆபீஸ் மாடிப்படியையோ ஏறிப் பழகுங்கள். முதல் மலையே படிக்கட்டுகளாகச் செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும், அங்கே வேகம் காட்டுகிறவர்கள்தான் அப்புறம் உட்கார்ந்துவிடுகிறார்கள். பக்கத்தில் வருபவரோடு இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச முடியவில்லை என்றால் நின்றுவிடுங்கள்.

பையில் என்ன வேண்டும்? வெயிலுக்குப் பயந்து பலரும் ராத்திரியில்தான் ஏறுகிறார்கள், ஆகவே டார்ச் கட்டாயம், அதுவும் தலையில் மாட்டுவதாக இருந்தால் நல்லது, ஏனென்றால் ஒரு கையில் தடி இருக்கும், இன்னொரு கை பாறையைப் பிடிக்க வேண்டும், போனை எங்கே பிடிப்பது? தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில். வழியில் சுனைகள் உண்டு, ஆனால் கோடையில் எவ்வளவு வரும் என்று நம்ப முடியாது, கிடைக்கிற இடத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். கடலைமிட்டாய், பேரீச்சம்பழத்தைத் துணியில் கட்டுங்கள். பிளாஸ்டிக் இருக்கிறதா என்று வனத்துறையினர் பையைச் சோதிப்பார்கள்.

ஸ்வெட்டரைத்தான் பலரும் மறப்பது. கீழே கோயம்புத்தூர் வெயிலில் கிளம்புகிறவருக்கு அது பாரமாகத் தெரியும். ஆறாவது மலையில் இருக்கும் ஆண்டி சுனையில் குளித்துவிட்டு, ஈரத்துணியோடு ஏழாவது மலை ஏறும்போது காற்று அடித்தால் பல் கிட்டித்துப்போகும், தடியைப் பிடிக்கக்கூட விரல் மடங்காது. குளிப்பதாக இருந்தால் மாற்றுத்துணியும் துண்டும், பிளாஸ்டிக் கவரில் போடாமல், கூடவே இருக்கட்டும்.

சீசன் பிப்ரவரியிலிருந்து மே வரைதான். மற்ற மாதங்களில் திருட்டுத்தனமாக ஏறுவதை மட்டும் நான் முட்டாள்தனம் என்றே சொல்வேன்: யானை நடமாடும் காடு, வழியில் ஆள் இருக்காது, விழுந்தால் தூக்க நாதி இருக்காது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்த பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று விதிமுறைகள் வந்தன. காடு பார்க்கத்தான் ஆசை என்றால், அரசு 2024-ல் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் முன்பதிவு செய்து வழிகாட்டியோடு போகலாம்.

திரும்பும் நேரத்தையும் ஏறும் முன்பே பேசி முடிவு செய்துவிடுங்கள். மழை இறங்கினாலோ, கூட வந்தவர் ஒருவருக்கு முடியவில்லை என்றாலோ, நாலாவது மலையோ ஆறாவது மலையோ, எல்லோரும் சேர்ந்தே இறங்க வேண்டும், அவரைத் தனியாக உட்கார வைத்துவிட்டுப் போகக்கூடாது. இறங்கும்போது முழங்கால் நடுங்கும், தடி அப்போதுதான் உண்மையில் உதவும். கீழே வந்ததும் பைக்கை முறுக்காமல் கொஞ்ச நேரம் படுத்துத் தூங்கிவிட்டுக் கிளம்புங்கள்.