பூச்சியுண்ணும் செடிகளை விதையிலிருந்து வளர்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலைமுடிகளின் பசைத்துளியால் பூச்சி பிடிக்கும் டிரோசெராவை வீட்டுக்குள் விதைத்து, முளை கண்டதும் ஆர்வமாகப் படம் அனுப்புகிறவர்களே, சில வாரங்களில் நாற்றெல்லாம் கருகிவிட்டதே என்று வருந்தி எழுதுகிறார்கள். நான் தொடக்கத்தில் செய்த அதே பிழைகளை அவர்களும் செய்கிறார்கள். வெளிச்சம் வேண்டும், தொட்டி காயக்கூடாது என்பன யாவரும் அறிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

தண்ணீர்

இச்செடிகள் சத்தற்ற, அமிலத்தன்மை கொண்ட சதுப்பு நிலங்களுக்கு உரியவை. வேண்டிய சத்தைப் பூச்சிகளிடமிருந்து பெறுவதால், அவற்றின் வேர்கள் நீரில் கரைந்த உப்பைத் தாங்குவதில்லை. கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் 50 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 50 பங்கு) இருப்பது நல்லது. நம் ஊர்களின் போர்த் தண்ணீரிலோ அது பல நூறு இருப்பது சாதாரணம். தட்டில் தேங்கிய நீரைத் தொட்டி உறிஞ்சும்படி வைப்பதே வழக்கமான முறை என்பதால், கீழிருந்து ஏறும் நீர் மேற்பரப்பில் ஆவியாகிவிட, உப்பு மட்டும் வேர் ஆழமாக இறங்காத நாற்றின் அடியிலேயே சேர்ந்துகொண்டு போகிறது.

நண்பர் ஒருவர் போர்த் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, வடிகட்டியும் ஊற்றிவந்தார். கொதித்தால் கிருமி சாகும்; கரைந்த உப்பின் பெரும்பகுதி அப்படியே தங்கும், நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவும் ஏறும். அவருடைய தொட்டியில் மண்ணுக்குப் பதில் இட்டிருந்த பீட் மாஸின் (சதுப்பில் மட்கிய பாசி) மீது வெள்ளைப் படலம் பூத்திருந்தது. குண்டூசித் தலையளவே இருந்த நாற்றுகளின் இலைமுடிகளில் பசைத்துளி ஒன்றுகூட இல்லை. நோய் என்று எண்ணி அவர் மருந்து வேறு தெளித்திருந்தார். குடிக்க ஏற்ற நீர் செடிக்கும் ஏற்றதுதானே என்று கேன் தண்ணீருக்காக வாதாடுவோரிடம் எனக்கு இன்றும் பொறுமை இல்லை. சுவைக்காக டிடிஎஸ்ஸைக் கூட்டிவைத்த வீட்டு ஆர்ஓ நீரும் அப்படித்தான். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டரை வாங்கி அளந்து பாருங்கள். மாடியில் பிடித்த சுத்தமான மழைநீரோ, டிஸ்டில்டு வாட்டரோ இருந்தால் கவலையில்லை.

கழுவாத தேங்காய் நார்த்தூள்

இதிலும் உப்பே சிக்கல். பீட் மாஸும், பொரித்த வெண்கல் துகளான பெர்லைட்டும் கலந்து பயன்படுத்துங்கள்.

மண்புழு உரம்

ஒரு சிட்டிகைகூடக் கூடாது.

விதையை மூடுதல்

டிரோசெரா விதை தூசியைப் போன்றது. முளைக்க ஒளி தேவைப்படுவதால் மேலே தூவிவிட்டு அப்படியே விட வேண்டும்.

குளிர்

டிரோசெரா கேப்பென்சிஸ் என்ற இனத்தின் விதைக்குக் குளிர் தேவையில்லை. குடுவை போன்ற இலையால் பூச்சி பிடிக்கும் சாரசீனியாவின் விதையை ஈரமான பாசியில் பொதிந்து, நான்கு முதல் ஆறு வாரம் ஃப்ரிட்ஜில் வைத்த பிறகே விதைக்க வேண்டும். உறைநிலைப் பெட்டியில் அன்று.

நீல நிற வீனஸ் விதை

இலைப்பொறியால் பூச்சி பிடிக்கும் வீனஸ் ஃப்ளைட்ராப்பில் நீல நிறச் செடியே கிடையாது.

மூடியை ஒரே நாளில் எடுத்தல்

ஈரம் காக்கத் தொட்டியின் மேல் இட்ட மூடிக்குள் ஈரக்காற்றில் முளைத்த நாற்று வறண்ட அறைக்காற்றில் மாலைக்குள் வாடிவிடும் என்பதால், மூடியை நாளுக்கு நாள் சற்றுச் சற்றாகத் திறந்து, ஓரிரு வாரத்துக்குப் பிறகே முழுவதும் எடுக்க வேண்டும்.