முதலாம் தர அனுமதி: சண்டைக்கு முன் வட்டத்தைக் கீறுங்கள்

ஏ-9 வீதியோர ரவுண் பள்ளிக்கூடத்துக்கு விண்ணப்பம் குவியும். உள்ளே குளத்தடியில் இருக்கிற ஆரம்பப் பாடசாலைக்குப் பத்துப் பிள்ளை சேர்வதே பெரும்பாடு. வன்னியில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா எங்கும், எந்த வீட்டுப் பிள்ளை எந்தப் பள்ளிக்கு என்ற எல்லைப் பிரச்சினை கிளம்புவது இந்த இடைவெளியில்தான். பெற்றோரும் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் முதலில் கணக்கைப் பார்க்க வேண்டும்.

முதலாம் தர இடங்களில் 50 வீதம் பாடசாலைக்கு அண்மையில் வசிப்போருக்கு, 25 வீதம் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு, 15 வீதம் அங்கே படிக்கும் பிள்ளைகளின் சகோதரருக்கு. மிச்சம் சிறு பிரிவுகளுக்குப் போகும். 40 இடம் என்றால் அண்மைக்கு 20தான். கூட்டத்தில் முழங்குவோர் பலருக்கு இது தெரியாது.

அண்மைப் பிரிவில் தூரத்துக்கான முழுப் புள்ளி 50. நீங்கள் கேட்கும் பாடசாலையைவிட உங்கள் வீட்டுக்குக் கிட்ட, உங்கள் பிள்ளை சேரக்கூடிய வேறு அரச பாடசாலை ஏதும் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் 5 புள்ளி கழியும். மூன்று இருந்தால் 35. தூரம் நேர்கோட்டில் அளக்கப்படும், தெருவால் அல்ல. நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்தை எடுங்கள். அதில் 2 சென்ரிமீற்றர் 1 கிலோமீற்றர். வீட்டில் கவராயத்தின் முள்ளை ஊன்றி, பென்சில் நுனி கேட்கும் பாடசாலையைத் தொடும்படி வட்டம் கீறுங்கள். வட்டத்துக்குள் விழும் பாடசாலைகளை எண்ணுங்கள்.

வன்னியில் கணக்குப் பிழையாவது இங்கேதான். வட்டத்துக்குள் இருக்கிற பாடசாலை குளத்துக்கு அக்கரையிலோ காட்டுக்கு அப்பாலோ இருக்கலாம். ஆறு, களப்பு, சதுப்பு, காடு போன்ற இயற்கைத் தடையால் போக முடியாத பாடசாலையைக் கழிக்கக் கூடாது. வாயால் சொன்னால் நேர்முகத் தேர்வில் எடுபடாது. கிராம அலுவலரின் கடிதம், தடையைக் குறித்த வரைபடம், மாரியில் எடுத்த படம் மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். ஒழுங்கை சேறு என்பது தடையல்ல. அதை எழுதினால் உண்மையான தடையும் சந்தேகத்துக்குள்ளாகும்.

ஏழைக் குடும்பங்கள் தோற்பது பெரும்பாலும் தூரத்தில் அல்ல, பத்திரத்தில். வாக்காளர் இடாப்பில் கடந்த ஐந்து வருடப் பதிவு பார்க்கப்படும்; கூலிக்கு வெளியூர் போனவரின் பெயர் ஒரு வருடம் விட்டுப்போனாலும் புள்ளி குறையும். குடியேற்றத் திட்டக் காணிக்குப் பெரும்பாலும் உறுதி இராது, அனுமதிப்பத்திரத்தை வையுங்கள். அது தாத்தா பெயரில் இருந்தால் உறவைக் காட்டும் பிறப்புச் சான்றிதழும் வேண்டும். இடப்பெயர்வில் பத்திரம் தொலைந்திருந்தால், பிரதேச செயலகத்தில் பிரதி கேட்பதை விண்ணப்ப மாதத்துக்கு முதல் வருடமே தொடங்குங்கள்.

இனிக் கூட்டம். கடைக்காரர், வாடகைக்கு இருக்கும் உத்தியோகத்தர், மோட்டார்சைக்கிளில் பிள்ளையை ஏற்றி வரக்கூடிய உள்ளூர்ப் பெற்றோர், நடந்துதான் அனுப்ப வேண்டியவர் ஆகியோரின் தேவை வேறு வேறு. எல்லோரையும் ஒரே மண்டபத்தில் இருத்தினால் நடந்து அனுப்புகிறவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். அவர்களை முதலில் கிராமத்திலேயே சந்தியுங்கள். வருமானத்தைப் பொதுவில் கேட்கவே கூடாது, அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு கிடைக்கிறதா என்றும் கேட்க வேண்டாம். ஆளுக்கொரு தாளில் மூன்றே கேள்வி: எவ்வளவு தூரம், எதில் வருகிறது, யார் கூட்டி வருகிறார்கள். பெயர் எழுத வேண்டாம்.

வாகனம் உள்ள வீட்டுப் பிள்ளைகள் ரவுணுக்குப் போனால், குளத்தடிப் பள்ளியில் மிஞ்சுவது வாகனம் இல்லாதவர்களின் பிள்ளைகள். தொகை குறைய ஆசிரியர் இடமாற்றம், பிறகு ஒரு ஆசிரியருக்கு மூன்று வகுப்பு, அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் விலகல். ஆனாலும் போகும் பெற்றோரைத் திட்டிப் பயனில்லை. எந்தப் பெற்றோரும் தன் பிள்ளையை வைத்துப் பள்ளிக்கூடத்தைக் காப்பாற்ற மாட்டார்கள். (இரண்டு பள்ளியிலும் முதலாம் தரத்துக்குக் கொடுப்பது ஒரே இலவசப் புத்தகம்தான் என்பதை மட்டும் ஒருக்கால் நினைவூட்டலாம்.)

ஆகவே கடிதத்தில் ‘எல்லையை மாற்றுங்கள்’ என்று மட்டும் எழுத வேண்டாம். கோட்டக் கல்விப் பணிப்பாளருக்கு எழுதி, வலயக் கல்விப் பணிப்பாளருக்குப் பிரதி அனுப்புங்கள். கேட்க வேண்டியவை: ஆரம்பப் பிரிவில் வெற்றிடமான ஆசிரியர், ஐந்தாம் தரம் முடித்த பிள்ளைகளுக்கு ஆறாம் தரத்தில் எந்தப் பாடசாலை என்று எழுத்தில் உறுதி, மாணவருக்கான சிசு செரிய பஸ், நேரத்தோடு. ஆறாம் தரத்தில் வழி இருக்கிறது என்று தெரிந்தால் பலர் முதலாம் தரத்துக்கு அடிபட மாட்டார்கள்.

தற்காலிகப் பட்டியல் அறிவித்தல் பலகையில் ஒட்டிய அன்றே படம் எடுங்கள். மேன்முறையீட்டுக்கும் ஆட்சேபனைக்கும் கொடுக்கும் நாட்கள் குறைவு. பொய் முகவரி என்று ஆட்சேபிப்பதானால் ஊர்க்கதையை எழுதாமல், வாக்காளர் இடாப்பின் வரிசை எண்ணை எழுதுங்கள்.