கோப்பில் எழுதும் நிரல்: பிழையைக் கையாளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிசான அறுவடை நேரம். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு அரிசி மில்லில் எடைமேடை காட்டும் எடை நேராகக் கணினிக் கோப்பில் பதிவாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நெல் வண்டி கிளம்பியபின் விவசாயிக்கு அந்த ஒரு வரிதான் சாட்சி. இப்படிப்பட்ட இடத்தில் பிழையைக் கண்டுகொள்ளாத நிரல் அடுத்தவர் கூலியில் கைவைக்கிறது.

கோப்பில் எழுதச் சொல்லும் 'ரைட்' அழைப்பு, பிழைக்கு அடையாளமான மைனஸ் ஒன்றைத் தந்ததா என்று மட்டும் பார்ப்பது போதாது. வட்டு நிரம்பும் தறுவாயில் அது கேட்டதில் பாதியை எழுதிவிட்டு, எழுதிய பைட் எண்ணிக்கையைத் திருப்பும். மீதியை எழுத மறுபடி அழைத்தால்தான் 'இடமில்லை' என்ற பிழை வரும்.

சரி, முழுவதும் எழுதியாச்சு. வட்டுக்குப் போய்விட்டதா? இல்லை. லினக்ஸில் அது முதலில் நினைவகத்தில்தான் நிற்கும். வட்டுக்குப் போக சாதாரணமாக அரை நிமிடம்கூட ஆகலாம். அதற்குள் கரண்ட் போனால் போனதுதான். நினைவகத்தில் நிற்பதை வட்டுக்கு அனுப்பச் சொல்லும் எஃப்சிங்க்கை அழைத்து, அது தரும் பதிலையும் பாருங்கள்.

பலரும் சறுக்குவது இங்கேதான். எஃப்சிங்க் தோற்றால் இன்னொரு தடவை அழைக்கிறார்கள், அது வெற்றி என்கிறது, நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் முதல் தோல்வியிலேயே எழுதப்படாத பக்கங்களை (நினைவகத்தில் நிற்கும் தரவுத் துண்டுகளை) 'எழுதியாயிற்று' என்று கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, குறித்திருக்கலாம். அப்படியானால் இரண்டாவது அழைப்புக்கு எழுத எதுவுமே மிச்சமிருக்காது. போஸ்ட்கிரஸ் தரவுத்தளமே பல வருடம் இப்படி நம்பியிருந்தது. 2018-இல் விஷயம் வெளிப்பட, 2019-இல் வழியை மாற்றினார்கள்: எஃப்சிங்க் தோற்றால் உடனே நின்றுவிட்டு, மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் பதிவேட்டிலிருந்து மீண்டெழும். நீங்களும் தரவை நினைவில் வைத்துக்கொண்டு புதுக் கோப்பில் எழுதுங்கள். அதுவும் முடியாவிட்டால் எடை போடுவதை நிறுத்தி, மேடையில் இருப்பவருக்குச் சொல்லுங்கள்.

பழைய கோப்பைக் காலி செய்துவிட்டு அதன்மேலேயே எழுத வேண்டாம். அதே அடைவில் (ஃபோல்டரில்) தற்காலிகக் கோப்பில் எழுதி, எஃப்சிங்க் செய்து, பழைய கோப்பின் பெயருக்கு ரீநேம் செய்யுங்கள். அப்புறம் பெயர் மாறியதும் வட்டில் பதிய அடைவுக்கும் ஒரு எஃப்சிங்க். இந்தக் கடைசிப் படியைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

கோப்பை மூடும் குளோஸ் பிழை தந்தால் பதிவு செய்யுங்கள், லினக்ஸில் திரும்ப அழைக்காதீர்கள். கோப்பைத் திறந்தபோது கெர்னல் அதற்குத் தந்த எண், அதற்குள் நிரலின் வேறு இழை (கூடவே ஓடும் இன்னொரு பகுதி) திறந்த கோப்புக்குப் போயிருக்கலாம்.

பிழை வரும் பாதையை ஓட்டிப் பார்க்காமல் மில்லில் நிறுவவே கூடாது. லினக்ஸின் டெவ் அடைவில் ஃபுல் என்றொரு சாதனக் கோப்பு உண்டு. அதில் எதை எழுதினாலும் 'இடமில்லை' என்றே பதில் வரும். வட்டுக் கோளாறைப் போலியாக உண்டாக்க லினக்ஸில் டிஎம்-ஃப்ளேக்கி என்ற வசதி இருக்கிறது.