லேத் பட்டறையில் ஆயுத பூஜை: துரு பிடிக்காமல் பொட்டு வைப்பது எப்படி?

வட சென்னையில் வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் புதிதாக லேத் (இரும்பைச் சுழற்றிக் கடையும் மெஷின்) போட்டிருப்பவர்களுக்காக இது. பூஜை நவமியில், மெஷினைத் திரும்ப ஓட்டுவது விஜயதசமியில். நடுவில் ஓர் இரவு முழுக்க மெஷின் சும்மா நிற்கும். துரு ஏறுவது அந்த இரவில்தான்.

1. பூஜைக்கு முதல் நாளே மெயினை அணைத்துவிட்டுத் துடையுங்கள். கம்ப்ரஸர் காற்று அடிக்காதீர்கள். இரும்புத் துகள் பெட்டுக்கும் (மெஷினின் நீளமான அடித்தளம்) அதன்மேல் நகரும் சேடிலுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துவிடும். பிரஷ்ஷும் பனியன் வேஸ்ட்டும் (துடைக்கும் கழிவுத் துணி) போதும். தண்ணீர் கூடவே கூடாது.

2. பொட்டு. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். சந்தனத்தைத் தண்ணீரில் குழைத்து, பளபளப்பான இடமாகப் பார்த்து பெட் மேலேயே வைப்பார்கள். அது பெயிண்ட் இல்லாத வெறும் இரும்பு. காசிமேடு, ராயபுரம் பக்கம் உப்புக்காற்று வேறு. காலையில் பொட்டைத் துடைத்தால் அதே வட்டத்தில் செம்பழுப்புத் தடம் இருக்கும். எமரித் தாளால் தேய்க்கப் போனால் பெட்டின் மட்டம் போச்சு.

அதனால் பெட், கடையும் இரும்பைப் பிடிக்கும் சக் இரண்டிலும் முதலில் 68 ஆயில் (மெஷின் எண்ணெய்) மெல்லிசாகத் தடவுங்கள். சந்தனம், குங்குமம், விபூதிப் பட்டை எல்லாம் பெயிண்ட் அடித்த ஹெட்ஸ்டாக் (சக்கைச் சுழற்றும் பகுதி), மோட்டார் கவர் மேல் மட்டும். விபூதி பெட்டில் உதிர்ந்தால் எண்ணெயில் ஒட்டிக்கொண்டு அரைக்கும். அளவெடுக்கும் வெர்னியர், மைக்ரோமீட்டரை வெளியே எடுக்காமல் பெட்டிக்குப் பொட்டு வைத்தால் போதும். அம்பாளுக்கு அதில் குறை ஒன்றும் இல்லை.

3. வாழைக்கன்றை ஷட்டர் ஓடும் காடிக்கு வெளியே கட்டுங்கள். உள்ளே கட்டினால் ராத்திரி ஷட்டர் இறங்காது.

4. பொரி, பொட்டுக்கடலை, வெல்லம், தேங்காய், வாழைப்பழம் வைத்துப் படையுங்கள். கற்பூரம் ஏற்றும் முன் தின்னர் டப்பாவையும் எண்ணெய் ஊறிய வேஸ்ட்டையும் வெளியேற்றுங்கள்.

5. திருஷ்டிப் பூசணி: மேலே மூடி மாதிரி வெட்டி, குங்குமமும் சில்லறையும் போட்டு மூடி, கற்பூரம் வைத்து மூன்று முறை சுற்றுங்கள். நடுரோட்டில் உடைக்காதீர்கள். அந்தச் சதையில் பைக் டயர் ஏறினால் வழுக்கிவிடும், காசு பொறுக்கப் பிள்ளைகளும் ரோட்டில் இறங்குவார்கள். வாசல் ஓரம் கோணி விரித்து அதன்மேல் உடைத்து, அப்படியே சுருட்டிக் குப்பையில் போடுங்கள்.

6. விஜயதசமி காலையில் பொட்டைத் துடைத்து, புது எண்ணெய் விட்டு, ஜாப் (கடைய வேண்டிய இரும்பு) மாட்டாமல் குறைந்த வேகத்தில் ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். பிறகு முதல் ஜாப்பை மாட்டலாம்.