காற்றில் இயங்கும் நெயில் கன்: தேய்ந்த ஓ-ரிங், பம்பர், பிளேடு ஆகியவற்றை மாற்றும் முறை

சென்னையில் பிளைவுட் வேலை நடக்கும் எந்தப் புது ஃபிளாட்டுக்குள் நுழைந்தாலும் ஒரு மூலையில் கம்ப்ரசர் உறுமிக்கொண்டிருக்கும். பீடிங் எனப்படும் விளிம்புச் சட்டம் அடிப்பதற்கும் அலமாரிக்குப் பின்பலகை பொருத்துவதற்கும் எஃப்30 வகை பிராட் நெயிலரை, அதாவது மெல்லிய ஆணிகளை அடிக்கும் நெயில் கன்னைத்தான் பலரும் பயன்படுத்துகிறார்கள். இந்தக் கருவி ஆணியைப் பாதியில் நிறுத்தினாலோ, ஓயாமல் காற்றைக் கசியவிட்டாலோ, பலர் உடனே புதியதை வாங்கிவிடுகிறார்கள். பெரும்பாலான கருவிகளில் பழுதாவது உள்ளே இருக்கும் ரப்பர் பாகங்களே என்பதாலும், அவற்றின் விலை கருவியின் விலையோடு ஒப்பிடவே முடியாத அளவு சிறியது என்பதாலும், அந்தச் செலவு பெரும்பாலும் தேவையற்றது. ஆனால் எந்த ரப்பர் தேய்ந்திருக்கிறது என்பதைக் கருவியைத் திறப்பதற்கு முன்பே கண்டுபிடித்துவிட வேண்டும்.

உள்ளே நடப்பது என்ன?

டிரிகரை அழுத்தாதபோது கைப்பிடிக்குள் அழுத்தக் காற்று தேங்கியிருக்கும். அதே காற்று ஹெட் வால்வு எனப்படும் பாகத்தை மேலிருந்தும் அழுத்தும். கூடவே ஒரு ஸ்பிரிங்கும் அழுத்துவதால், அந்த வால்வு சிலிண்டரின் வாயை மூடியபடியே இருக்கும். டிரிகரை அழுத்தியதும் ஹெட் வால்வுக்கு மேலே உள்ள காற்று வெளியேறிவிடும். வால்வு எழும்பும், தேங்கிய காற்று பிஸ்டன் மீது பாயும், பிஸ்டனோடு இணைந்த பிளேடு ஆணியை மரத்துக்குள் அறையும். கீழே வரும் பிஸ்டனின் அடியைத் தாங்கிக்கொள்வது பம்பர் என்ற ரப்பர் வளையம். டிரிகரை விட்டதும், சிலிண்டரைச் சுற்றியுள்ள அறையில் சேர்ந்திருந்த காற்று பிஸ்டனைத் திரும்ப மேலே தள்ளும். இந்த வரிசை மனத்தில் பதிந்துவிட்டால், பழுதை ஓசையிலிருந்தே ஊகித்துவிடலாம்.

கசிவைக் கண்டறிதல்

ஆணிகள் அடுக்கியிருக்கும் மேகசினிலிருந்து அவற்றை எடுத்துவிட்டு, முனையை ஆளில்லாத திசையில் பிடித்துக்கொண்டு, கம்ப்ரசரிலிருந்து வரும் ஓஸை (காற்றுக் குழாயை) இணைக்கவும். சோப்பு நீரைத் துணியால் ஒற்றி ஒவ்வோர் இடமாகத் தடவினால், கசியும் இடத்தில் நுரை எழும். டிரிகரின் அருகே நுரை வந்தால் டிரிகர் வால்வின் ஓ-ரிங், அதாவது காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம் போயிருக்கும். மேல்மூடியிலோ காற்று வெளியேறும் துளையிலோ வந்தால் ஹெட் வால்வின் ஓ-ரிங்கையோ மூடிக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் என்ற அடைப்புத் தகட்டையோ சந்தேகிக்கலாம். முனைப் பக்கம் கசிந்தால் முதலில் அங்குள்ள போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்க்கவும். அவை இறுக்கமாக இருந்தால் பம்பரைத்தான் பார்க்க வேண்டும்.

கசிவே இல்லாமல் ஆணி மட்டும் பாதியில் நின்றால், பிஸ்டன் ஓ-ரிங் தேய்ந்திருக்கலாம் அல்லது பிளேடின் நுனி மழுங்கியிருக்கலாம். அதற்கு முன் கம்ப்ரசரின் ரெகுலேட்டரை ஒருமுறை பாருங்கள். எஃப்30 வகைக்குப் பொதுவாக 4 முதல் 7 பார் வரை, அதாவது ஏறத்தாழ 60 முதல் 100 பிஎஸ்ஐ வரை தேவைப்படும். அழுத்தம் 3 பாரில் நிற்கும்போது கருவியைக் குறை சொல்வதில் பயனில்லை.

பாகங்கள் வாங்குதல்

உங்கள் மாடலுக்கான ரிப்பேர் கிட் கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காதபோது, கீழே சொல்லியுள்ளபடி கருவியைப் பிரித்து, பழைய ஓ-ரிங்கைக் கையோடு எடுத்துக்கொண்டு பாரிமுனைப் பக்கம், செம்புதாஸ் தெருவிலும் அதன் அக்கம்பக்கத்திலும் உள்ள கடைகளில் விசாரிக்கலாம். உள்விட்டம், தடிமன் இரண்டையும் வெர்னியரால் அளந்து எழுதிக்கொள்ளவும். ஆனால் பழைய ஓ-ரிங் தேய்ந்து ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும் என்பதால், அது உட்கார்ந்திருந்த பள்ளத்தின் அகலத்தையும் ஆழத்தையும் சேர்த்து அளந்தால்தான் சரியான தடிமன் தெரியும். நைட்ரைல் ரப்பரால் ஆனதைக் கேட்டு வாங்குங்கள். தண்ணீர்க் குழாய்க்கு விற்கும் வாஷரை இங்கே பொருத்தினால் அது விரைவிலேயே கிழிந்துவிடும்.

பிரித்தல்

முதல் வேலை ஓஸைக் கழற்றுவது. கருவியின் பக்கம் இருப்பது வால்வு இல்லாத ஆண் இணைப்பாக இருந்தால், ஓஸ் கழன்ற நொடியே உள்ளே இருக்கும் காற்று முழுவதும் வெளியேறிவிடும். சிலர் இணைப்பை மாற்றிப் பொருத்தியிருப்பார்கள்; அப்போது ஓஸைக் கழற்றிய பிறகும் உள்ளே ஒருமுறை சுடுவதற்கான காற்று தங்கியிருக்கும். அப்படி இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். மேகசினில் ஆணி எதுவும் இல்லை என்பதை மீண்டும் ஒருமுறை சோதித்துவிட்டு, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

மேல்மூடியில் பொதுவாக நான்கு போல்ட்டுகள் இருக்கும். ஆலன் கீயால் அவற்றைக் குறுக்காகச் சிறிது சிறிதாகத் தளர்த்தவும். உள்ளே ஸ்பிரிங் இருப்பதால் கடைசிச் சுற்றில் மூடியைக் கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். மூடி, கேஸ்கெட், ஸ்பிரிங், ஹெட் வால்வு என ஒவ்வொன்றையும் எடுத்தவுடன் கைபேசியில் படம் எடுத்து, வந்த வரிசையிலேயே ஒரு வெள்ளைத் துணியில் அடுக்கி வையுங்கள். ஹெட் வால்வின் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பதை ஒரு மணி நேரத்துக்குப் பிறகு நினைவிலிருந்து சொல்வது கடினம். அடுத்து, முனையின் வழியே பிளேடை ஒரு மரக்குச்சியால் மேல்நோக்கித் தள்ளினால் பிஸ்டன் வெளியே வரும். பிறகு சிலிண்டரையும் அதற்கு அடியில் இருக்கும் பம்பரையும் எடுக்கலாம்.

பழைய பம்பர் பெரும்பாலும் முழுதாக வராது. நாள்பட்ட ரப்பர் செருப்பின் அடிப்பகுதி போல விரலில் உதிரும். அந்தத் துணுக்குகளில் ஒன்றுகூட உள்ளே தங்கக் கூடாது. துணுக்கு சிலிண்டரின் துளைகளை அடைத்துக்கொண்டால், பிஸ்டன் மேலே திரும்ப முடியாமல் சிக்கிக்கொள்ளும்.

மாற்றுதல்

ஓ-ரிங்கை எடுக்க ஸ்க்ரூடிரைவரைப் பயன்படுத்த வேண்டாம். பள்ளத்தின் ஓரத்தில் விழும் மெல்லிய கீறல்கூடப் புதிய ஓ-ரிங்கைக் கசியவைக்கும். மூங்கில் பற்குச்சியால் நெம்பினாலே போதும். உலோகப் பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாக உலர்த்தித் துடைக்கவும். மரப்பட்டறையில் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது தின்னர் என்பதால் பலர் அதையே எடுக்கிறார்கள். அது ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும்.

சிலிண்டரின் உட்சுவரை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நகத்தில் தட்டுப்படும் அளவுக்குக் கீறல் இருந்தால் ஓ-ரிங்கை மட்டும் மாற்றுவதில் பலன் இருக்காது. சிலிண்டரையே மாற்ற வேண்டும். பிளேடின் நுனி லேசாக உருண்டிருந்தால் மெல்லிய அரத்தால் சதுரமாக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறை அராவும்போதும் பிளேடு குறைவதால், ஆணியின் தலை மரத்தின் பரப்புக்கு மேலேயே நிற்கத் தொடங்கும். வளைந்த பிளேடை அடித்து நிமிர்த்துவது வீண்வேலை. பிஸ்டனோடு சேர்த்துப் புதியதாக வாங்கிப் போடுங்கள்.

புதிய ஓ-ரிங் ஒவ்வொன்றிலும் சிலிக்கான் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவி, முறுக்கு விழாமல் பள்ளத்தில் உட்காரவைக்கவும். பிஸ்டனைச் சிலிண்டருக்குள் இறக்கும்போது ஓ-ரிங் விளிம்பில் வெட்டுப்படாமல் இருக்க, சற்றே அசைத்தபடி அழுத்தவும். டிரிகர் வால்வைப் பொறுத்தவரை, தொடக்கநிலையில் இருப்பவர்கள் அதன் சிறிய ஓ-ரிங்குகளோடு மல்லுக்கட்டுவதைவிட, அதைப் பிடித்திருக்கும் பின் என்ற சிறு கம்பியை, பஞ்ச் எனப்படும் இரும்புக் குச்சியால் தட்டி எடுத்துவிட்டு வால்வை முழுத் தொகுதியாக மாற்றுவதே நல்லது என்பது என் கருத்து. மூடியின் போல்ட்டுகளைக் குறுக்காக, சமமாக இறுக்குங்கள். உடல்பகுதி அலுமினியக் கலவையால் ஆனது என்பதால் அதிகம் இறுக்கினால் மரை போய்விடும்.

சோதித்தல்

காற்று நுழையும் இணைப்பில் நியூமேட்டிக் எண்ணெய் (காற்றுக் கருவிகளுக்கான எண்ணெய்) இரண்டு மூன்று சொட்டு விடவும். எண்ணெய் வேண்டாம் என்று தயாரிப்பாளர் குறிப்பிட்டுள்ள மாடல்களுக்கு மட்டும் இது பொருந்தாது. என்ஜின் ஆயிலிலும் துரு நீக்கும் ஸ்பிரேயிலும் உள்ள ரசாயனங்கள் ஓ-ரிங்கைக் கெடுக்கக்கூடும். 4 பாரில் ஓஸை இணைத்துப் பாருங்கள். அதற்கும் குறைவாக வைத்தால் ஹெட் வால்வு சரியாக உட்காராமல், பழுது தீர்ந்த கருவியும் கசிவது போலத் தோன்றும். சோப்பு நீர் சோதனையை மீண்டும் செய்துவிட்டு, ஆணிகளைப் போட்டுக் கழிவு மரத்தில் பத்துப் பதினைந்து முறை அடித்துப் பாருங்கள். ஆணி இல்லாமல் சும்மா சுட்டுப் பார்த்தால் முழு அடியும் புதிய பம்பர் மேல்தான் விழும். முனையில் சேஃப்டி இருக்கும் மாடலானால், மரத்தில் அழுத்தாதபோது கருவி சுடாமல் இருக்கிறதா என்பதையும் உறுதிசெய்யுங்கள். அந்தச் சேஃப்டியைக் கம்பியால் கட்டி வைக்கும் வழக்கத்தைச் சில வேலையிடங்களில் பார்க்கலாம். அப்படிப்பட்ட கருவியைப் பழுதுபார்க்கும்போதே கம்பியை அறுத்து எறிந்துவிட வேண்டும்.

சென்னையின் ஈரக் காற்றில் கம்ப்ரசர் டேங்க்குக்குள் தண்ணீர் சேர்ந்துகொண்டே இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் அதிகமாகும். அந்த நீர் ஓஸ் வழியே கருவிக்குள் போய் எண்ணெயை அடித்துச் சென்றுவிடும், ஸ்பிரிங்கையும் பிளேடையும் துருப்பிடிக்கவைக்கும். எனவே வேலை முடிந்ததும் அழுத்தத்தை இறக்கி, டேங்கின் அடியில் உள்ள வால்வைத் திறந்து தண்ணீர் முழுவதும் வடியும்வரை விட்டுவைக்கவும். மழைக்காலத்தில் மதிய உணவு இடைவேளையிலும் ஒருமுறை திறந்துவிடலாம்.