வாயில நுழையாத மெடிக்கல் வார்த்தைய உடைச்சுப் படிக்கிறது எப்படி?

அம்மாவோட டிஸ்சார்ஜ் சம்மரில கோலிசிஸ்டெக்டமின்னு இருந்தத பாத்துதான் கிரேக்க வேர்ச்சொல் பக்கம் போனேன், இப்ப எந்த ரிப்போர்ட் வந்தாலும் பாதிக்கு மேல டிக்‌ஷனரி இல்லாமலே புரியுது. நர்சிங், பாராமெடிக்கல் சேரப் போற பசங்களுக்கு இது கண்டிப்பா உதவும்.

முதல்ல இங்கிலீஷ் ஸ்பெல்லிங்க பாருங்க. பிஎச், ஆர்எச், நிமோனியா மாதிரி ஆரம்பத்துலயே சத்தம் இல்லாத பி, இதெல்லாம் இருந்தா அனேகமா கிரேக்கம்தான்.

அடுத்து, வார்த்தைய வால்ல இருந்து படிங்க. ஐடிஸ்னா அழற்சி, ஆல்ஜியான்னா வலி, இதெல்லாம் ஈஸி. எல்லாரும் மாட்டிக்கிற இடம் டமி, எக்டமி, ஸ்டமி. இங்க அவசரப்படாதீங்க. டோமேன்னா கிரேக்கத்துல வெட்டு, எக்னா வெளிய, ஸ்டோமான்னா வாய். பெருங்குடல வச்சே பாத்துடலாம்: கோலாட்டமின்னா குடல வெட்டித் திறக்கிறது, கோலெக்டமின்னா வெட்டி வெளிய எடுக்கிறது, கோலாஸ்டமின்னா வயித்துல குடலுக்குப் புதுசா ஒரு வாய் வைக்கிறது, அதுலதான் பை மாட்டுவாங்க. ஒரு எஸ் கூடினா ஆபரேஷனே வேற.

அப்புறம் வார்த்தைய எங்க வெட்டணும்ங்கிறது. நடுவுல வர்ற ஓ பெரும்பாலும் ஒட்டு மட்டும்தான், கேஸ்ட்ரோஸ்கோப்பில இருக்கும், கேஸ்ட்ரைட்டிஸ்ல அடுத்து உயிரெழுத்து வர்றதால காணாமப் போயிடும். ஹெலிகாப்டர ஹெலி, காப்டர்னு பிரிக்கக்கூடாது, ஹெலிகோ ஒரு பக்கம் (சுருள்), ப்டெரான் ஒரு பக்கம் (இறக்கை). கண்ணோட வெள்ளைப் பகுதியில இருந்து கருவிழி மேல முக்கோணமா சதை வளருமே, டெரிஜியம்னு சொல்வாங்க, அதுல இருக்கிறது ப்டெரானோட சொந்தக்காரச் சொல் ப்டெரிக்ஸ், குட்டி இறக்கைன்னு அர்த்தம்.

இப்ப கோலிசிஸ்டெக்டமிக்கு வாங்க. எக்டமி எடுக்கிறது, கிஸ்டிஸ் பை, கோலே பித்தம். பித்தப்பைய எடுத்துட்டாங்க, அவ்ளோதான்!

எல்லாத்தையும் உடைக்க முடியாது. வயிறு கடமுடான்னு உருளுறதுக்குப் பேரு போர்போரிக்மஸ், நம்ம இரட்டைக்கிளவி மாதிரி சத்தத்துலயே பிறந்த சொல். வால் எலும்பு காக்சிக்ஸ், கிரேக்கத்துல குயில், அதோட அலகு மாதிரி வளைஞ்சிருக்கிறதால. இதையெல்லாம் அப்படியே மனப்பாடம் பண்ணிடுங்க.

டூல்ஸ்னு கேட்டா முதல்ல இங்கிலீஷ் வார்த்தை எங்கிருந்து வந்ததுன்னு சொல்ற எட்டிம்ஆன்லைன் தளம், அதுலயே முக்கால்வாசி முடிஞ்சிடும், கிரேக்க மூலம் வேணும்னா பெர்சியஸ் தளத்துல இருக்கிற லிடெல் ஸ்காட் அகராதி. ஃப்ளாஷ்கார்டு ஆப் எனக்குப் பிடிக்கல, நோட்டுல ஒரு வேருக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, கண்ணுல படுற வார்த்தைய அதுக்குக் கீழ எழுதிட்டே வந்தா தானா மனசுல நிக்குது.

அப்டேட்: கமெண்ட்ல ஒருத்தங்க பீடியாட்ரிக்ஸ்ல பீட்னா கால்தானே, பெடல் மாதிரின்னு கேட்டிருந்தாங்க. இல்லங்க, பெடல்ல இருக்கிறது லத்தீன் கால். இது கிரேக்கம், பாய்ஸ்னா குழந்தை, கூட வர்ற யாட்ரோஸ் வைத்தியர். பிரிட்டிஷ் ஸ்பெல்லிங்ல பிக்கு அடுத்து ஏஇ சேர்ந்து வரும், அத வச்சு கண்டுபிடிச்சிடலாம். ஆர்த்தோபீடிக்ஸ்லயும் இதே குழந்தைதான், ஆர்த்தோஸ்னா நேரானது, குழந்தைங்க உடம்புல இருக்கிற வளைவ நேராக்குறதப் பத்தி 1741ல பிரான்ஸ் டாக்டர் நிக்கோலா ஆன்ட்ரி எழுதினப்போ அவர் உண்டாக்கின பேர் அது.