காடு முழுக்கப் புலிக் கணக்கு: தடம் தேடும் நடையும் கேமராக் கட்டும்

கண்ணில் பட்ட புலிகளை யாரும் எண்ணிவிடலாம். கண்ணில் படாமல் போனது எவ்வளவு என்று சொல்வதற்குத்தான் கணக்கெடுப்பு. கால்தடத்தைக் கண்ணாடியில் வரைந்து, பிளாஸ்டரில் அச்செடுத்து, அதை வைத்தே ‘இது இன்ன புலி’ என்று சொன்ன பழைய முறையில் தவறவிட்டதற்குக் கணக்கே கிடையாது. 2005-ல் ராஜஸ்தானின் சரிஸ்காவில் ஒரு புலிகூட மிஞ்சவில்லை என்பது வெளிவந்ததும் அதன் சாயம் வெளுத்தது. 2006 முதல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் அகில இந்தியக் கணக்கெடுப்பில் களவேலை முக்கியமாக இரண்டு: எல்லா பீட்டிலும் (ஒரு வனக்காவலரின் பொறுப்பில் உள்ள காட்டுப் பகுதி) தடம் தேடி நடப்பது, தேர்ந்த பகுதிகளில் கேமரா கட்டுவது.

நடை

ஒரு பீட்டுக்கு மூன்று நடை, ஒவ்வொன்றும் ஐந்து கிலோமீட்டருக்குக் குறையாமல். வரைபடத்தில் நேர்க்கோடு போட்டு அதன் மேலேயே நடக்காதீர்கள். அது மான், காட்டெருது போன்ற இரை விலங்குகளை எண்ணும் இரண்டு கிலோமீட்டர் கோட்டுக்கான முறை. புலி உண்ணிச்செடிப் புதருக்குள் வீணாக உடம்பைக் கிழித்துக்கொள்ளாது. ஜீப் தடம், ஓடை மணல், மலைமுகடு வழியாகத்தான் போகும். விடிந்ததும் கிளம்புங்கள். வண்டி ஓடித் தடம் அழிந்திருக்காது. சாய்ந்த வெயிலில் தடத்தின் விளிம்பும் நன்றாகத் தெரியும்.

தடம், எச்சம், மரத்தில் நகக்கீறல், தரையில் பிறாண்டல், அடித்துப் போட்ட இரை என எது கிடைத்தாலும் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, எம்-ஸ்ட்ரைப்ஸ் செயலியில் அந்த இடத்திலேயே பதியுங்கள். ஒன்றும் கிடைக்காத நடையையும் விடாமல் பதிய வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். வெறுங்கையோடு திரும்பிய நாளை எழுதக் கூச்சப்படுகிறார்கள். புலி இருக்கும் இடத்தில் ஒரு நடையில் தடம் கிடைக்க 40 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நடையிலும் கிடைக்காமல் போக 0.6 × 0.6 × 0.6, அதாவது ஏறத்தாழ 22 சதவீத வாய்ப்பு உண்டு. இந்த எண்ணைப் பிடிக்க வெறும் நடைகளின் பதிவும் வேண்டும். ஒரே பாதையைக் கிலோமீட்டர் கிலோமீட்டராக வெட்டி, ஒவ்வொன்றையும் தனி நடை என்று காட்டுவதும் பிழை. ஒரே புலி ஒரே இரவில் மூன்று கிலோமீட்டர் நடந்திருந்தால் மூன்று துண்டிலும் தடம் இருக்கும்.

அடையாளத்தில் குழப்பம் சகஜம். சேற்றில் பதிந்த தடம் விரிந்து பெரிதாகும். பெரிய ஆண் சிறுத்தையின் தடத்தை இளம் புலியினுடையது என்பார்கள். நகம் பதிந்திருந்தால் பெரும்பாலும் நாய் இனம் அல்லது கழுதைப்புலி. ஊரோரத்தில் செந்நாய்த் தடத்தையும் நாட்டு நாயின் தடத்தையும் பிரிப்பது கடினம். எச்சத்தின் பருமனை வைத்துப் புலி, சிறுத்தை என்று தீர்ப்பு எழுதாதீர்கள்; மாதிரி எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்புங்கள்.

கேமரா

கேமரா வைக்கும் பகுதியை இரண்டு சதுர கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஓரிடத்தில் ஒரு ஜோடி. ஜோடி எதற்கு? புலியின் இடப்பக்க வரி வேறு, வலப்பக்க வரி வேறு. ஒரு பக்கப் படம் மட்டும் கிடைத்தால் ஒரே புலி இரண்டாக எண்ணப்படலாம்.

பாதையின் இருபுறமும், நடுவிலிருந்து மூன்று நான்கு மீட்டர் தள்ளி, முழங்கால் உயரத்தில், அதாவது 45 செ.மீ. அளவில் கட்டுங்கள். இரண்டும் நேருக்கு நேர் பார்த்தால் ஒன்றின் ஃபிளாஷ் மற்றதன் படத்தை வெளுக்கச் செய்யும். அரை மீட்டர் முன்பின் நகர்த்துங்கள். லென்ஸ் கிழக்கு, மேற்கு பார்க்காமல் இருந்தால் நல்லது. முன்னால் இருக்கும் புல்லை அடியோடு வெட்டுங்கள். காற்றில் ஆடும் ஒரு புல்தாளே ஆயிரக்கணக்கில் வெற்றுப் படம் எடுக்க வைத்து மெமரி கார்டை நிரப்பிவிடும். கட்டியதும் கேமராவின் முன் தவழ்ந்து போய்ப் பாருங்கள். உங்கள் உடம்பு முழுதாகப் படத்தில் விழ வேண்டும்.

பேட்டரி மாற்றும்போது கடிகாரத்தைச் சரிபாருங்கள். சில கேமராக்களில் தேதி பழைய ஆண்டுக்குத் திரும்பிவிடும். ஜோடியின் நேரம் ஒத்துப்போகாவிட்டால், அடுத்தடுத்து வந்த இரண்டு புலிகளில் எந்த இடப்பக்கம் எந்த வலப்பக்கத்துக்கு உரியது என்று தெரியாது. யானைக்காட்டில் இரும்புப் பெட்டியும் சங்கிலியும் கட்டாயம். அப்படியும் சில நசுங்கும். எந்தக் கேமரா எந்த இரவுகளில் ஓடவில்லை என்று தனியே எழுதிவையுங்கள். அது இல்லாவிட்டால், கேமரா கெட்டுக் கிடந்த இரவும் புலி வராத இரவாகக் கணக்கில் ஏறிவிடும்.

400 சதுர கிலோமீட்டர் காடு என்றால் 200 கட்டம். கையில் 100 ஜோடிதான் இருக்கிறதா? காட்டை இரண்டாகப் பிரித்து, பாதிக்கு 30 நாளாக மாற்றி மாற்றிக் கட்டலாம். அதற்கு மேல் இழுக்காதீர்கள். மாதக்கணக்கில் நீண்டால் புலிகள் இடம் மாறும், சாகும், புதிதாக வரும். அப்புறம் எந்தக் காலத்துக் கணக்கு அது? ஒரு வயது நிரம்பாத குட்டிகளை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை.

படங்களை வரி ஒப்பிடும் மென்பொருள் பொருத்திக் காட்டினாலும் கடைசியில் கண்ணால் பார்த்தே முடிவு செய்யுங்கள். பிறகு, கிடைத்த புலிகளைக் கேமரா வைத்த பரப்பால் வகுத்து அடர்த்தி என்று சொல்லிவிடாதீர்கள். ஓரத்துப் புலி பாதி நாள் வெளியே திரியும், அடர்த்தி கூடிப்போகும். எந்தப் புலி எந்தெந்தக் கேமராவில் எத்தனை முறை விழுந்தது என்பதை வைத்து அதன் நடமாட்ட மையத்தைக் கணிக்கும் இடஞ்சார்ந்த மறுபிடிப்பு முறையே இதற்குச் சரி. 2018-ல் இப்படி 26,838 இடங்களில் கேமரா கட்டி 2,461 புலிகளைத் தனித்தனியாக அடையாளம் கண்டார்கள். தவறியவற்றையும் சேர்த்து வந்த மதிப்பீடு 2,967.

செந்நாய்க்கு இந்த வழி உதவாது; அதன் உடம்பில் வரியும் இல்லை, புள்ளியும் இல்லை. எச்சத்தின் மரபணுதான் அதற்கு அடையாள அட்டை. எச்சத்தின் மேல்தோலைச் சுரண்டி எத்தனாலில் போட்டு, வெயில் படாமல் கொண்டுவாருங்கள். இரண்டு மாதிரிக்கு ஒரே குச்சியைப் பயன்படுத்தினால் இரண்டுமே வீண்.